கடைமடைக்கும் பங்கு வர வேண்டும்: வாசகர் கேள்வி – பதில்

ஹாலிவுட் எழுத்தாளர்களும் நடிகர்களும் 2023-இல் நடத்திய வேலைநிறுத்தம் பற்றிச் சென்ற இதழில் ஒரு பெட்டிச் செய்தி வந்தது. 'அப்படி ஒரு ஸ்டிரைக் மறுபடி வந்தால், இங்கே உட்கார்ந்திருக்கும் ரசிகனால் என்னதான் செய்ய முடியும்?' என்று டெல்டா வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த வாரம் முழுக்க அவர்களுக்குத்தான்.

கும்பகோணம், கல்லூரி மாணவி: ஸ்டிரைக் என்றதும் ஓடிடி சந்தாவை ரத்து செய்துவிடுவதுதானே நியாயம்? ஹாஸ்டலில் ஐந்து பேர் தயாராகவே இருந்தோம்.

நல்ல மனசு, ஆனால் அவசரம். எழுத்தாளர் சங்கமான டபிள்யூ.ஜி.ஏ. 2023 மே 2-இல் தொடங்கி 148 நாள் வேலையை நிறுத்தியது. நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா ஜூலை 14-இல் இறங்கி 118 நாள் நின்றது. இரண்டு சங்கமும் சேர்ந்தாற்போலத் தெருவில் நின்றது 1960-க்குப் பிறகு அப்போதுதான். ஆனாலும் 'சந்தாவை நிறுத்துங்கள், படம் பார்க்காதீர்கள்' என்று இரண்டுமே ரசிகர்களைக் கேட்கவில்லை. அவர்கள் நிறுத்தியது வேலையை. பார்ப்பதை அல்ல.

காரணம் இருக்கிறது. சண்டையின் மையம் 'ரெசிடுவல்'. ஒரு தொடர் மறுபடி மறுபடி ஓடும்போது எழுதியவருக்கும் நடித்தவருக்கும் போய்ச் சேர வேண்டிய பங்கு அது. பழைய டி.வி. காலத்தில் ஒவ்வொரு மறு ஒளிபரப்புக்கும் காசு வந்தது. ஓடிடி வந்தபின் எத்தனை பேர் பார்த்தாலும் பங்கு ஏறவில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சு, தலைமடையில் நடவே முடிந்தாச்சு, கடைமடை வாய்க்கால் மட்டும் வெடித்துக் கிடக்கிறது என்றால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

அவர்கள் வாங்கிய ஒப்பந்தத்தைப் பார்த்தால், உங்கள் ஹாஸ்டல் சந்தாவுக்கு என்ன மதிப்பு என்று தெரியும். புதிய தொடரையோ படத்தையோ முதல் 90 நாளில் அமெரிக்கச் சந்தாதாரரில் 20 சதவீதத்துக்கு ஈடான அளவு பார்த்தால் எழுத்தாளருக்கு போனஸ் உண்டு. இதில் கும்பகோணம் கணக்கில் வராது. ஆனால் வெளிநாட்டு ரெசிடுவல் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது தளத்துக்கு வெளிநாட்டில் எத்தனை சந்தாதாரர் என்பதைப் பொறுத்தது. மிகப் பெரிய தளங்களில் இது 3 ஆண்டில் 76 சதவீதம் உயரும் என்று எழுத்தாளர் சங்கமே கணக்குச் சொன்னது. அங்கே உங்கள் ஐந்து பேரும் தலைக்கணக்கில் உண்டு. சங்கம் கேட்காமல் நீங்களாக விலகினால் நோகப்போவது யார் என்று யோசியுங்கள்.

சங்கமே புறக்கணிக்கச் சொன்னால் தயங்காமல் செய்யுங்கள். அவர்கள் குறித்த தேதியில் செய்யுங்கள். யூபிஐ ஆட்டோபேயை மட்டும் நிறுத்தினால் பணம் போவது நிற்குமே தவிர, 'ஏன் விலகுகிறீர்கள்' என்று கேட்கும் கட்டம் வராது. செயலிக்குள் போய் ரத்து செய்து, அந்தக் கட்டத்தில் காரணத்தை எழுதுங்கள். காரணம் எழுதாத ரத்தை, காசில்லாமல் போனவர் கணக்கில்தான் கம்பெனி சேர்க்கும்.

மன்னார்குடி வாசகர்: ரசிகர் பக்கம் நடத்துகிறேன். ஸ்டிரைக் நேரத்தில் ஒரு கம்பெனி காசு கொடுத்து டிரெய்லர் ரீல் போடச் சொன்னால்?

வாங்காதீர்கள். நடிகர் சங்கம் தன் உறுப்பினர்களைப் பேட்டி, பிரீமியர், சமூக ஊடகப் பதிவு எதிலுமே ஸ்டிரைக் கம்பெனிப் படங்களை, அதாவது எந்தக் கம்பெனிகளை எதிர்த்து ஸ்டிரைக்கோ அவற்றின் படங்களை, விளம்பரம் செய்யக் கூடாது என்று தடுத்தது. ஆள் இல்லாமல் விளம்பரம் வாடும்போது, கம்பெனி தேடிப் பிடிப்பது உங்களைப் போன்றவர்களைத்தான். கூலி கேட்டு அறுப்பை நிறுத்தினால் வெளியூர் ஆளை வண்டியில் கொண்டுவந்து இறக்குவது கீழத்தஞ்சைக்குப் புதிதா என்ன? காசு வாங்கி அந்த வேலையைச் செய்பவர் பின்னாளில் சங்கத்தில் சேர முடியாது என்று 2023-இல் எழுத்திலேயே சொன்னார்கள்.

காசு வாங்காமல், பிடித்த தொடரைப் பற்றி நீங்களாகப் பேசுவது வேறு. ஆனாலும் 2023-இல் சங்கம், ரீல் போட்டுப் பிரபலமான இன்ஃப்ளூயன்சர்களை காசு வாங்காத பதிவையும் தவிர்க்கச் சொன்னது. அவர்களில் ஒருவரானால் நீங்களும் பொறுத்திருங்கள். இன்னொரு வழியும் உண்டு. கோரிக்கையை ஏற்று இடைக்கால ஒப்பந்தம் போட்ட சிறு தயாரிப்பாளர்களின் படங்களுக்கு நடிகர்களே விளம்பரம் செய்தார்கள். அந்தப் பட்டியலைச் சங்கம் வெளியிடும். உங்கள் பக்கத்தில் அந்தப் படங்களைத் தூக்கிப் பிடியுங்கள். (ஹாலோவீன் வேஷத்துக்குக்கூட அந்த ஆண்டு சங்கம் விதி போட்டது. ஸ்டிரைக் கம்பெனிப் படப் பாத்திரம் வேண்டாம், பேய் வேஷம் போடுங்கள் என்றது. வேண்டிய அளவு கிண்டலும் வாங்கிக் கட்டிக்கொண்டது.)

பட்டுக்கோட்டை வாசகர்: திருட்டுத் தளத்தில் பார்த்தால் கம்பெனிக்குத்தானே நஷ்டம்?

எழுதியவருக்கும்தான். வேறு கேள்வி கேளுங்கள்.

நாகப்பட்டினம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: சிறு தொகை அனுப்ப ஆசை. எங்கே, எப்படி?

சங்கத்துக்கு அனுப்புவதைவிட நிவாரண நிதிக்கு அனுப்புவது நல்லது. என்டர்டெயின்மென்ட் கம்யூனிட்டி ஃபண்ட் 1882-இல் நடிகர் நிதியாகத் தொடங்கியது. இப்போது நடிகர் மட்டுமல்ல, ஷூட்டிங் நின்றதால் வேலை இழந்த லைட்மேன், தையற்காரர், மேக்கப்காரர் எல்லோருக்கும் உதவுகிறது. ஸ்டிரைக்கில் பெயர் வெளியே தெரியாமல் அடி வாங்குவது இவர்கள்தான். நடிகருக்கென்றே தனியாக சாக்-ஆஃப்ட்ரா ஃபவுண்டேஷன் இருக்கிறது.

அனுப்பும் முறை:

வங்கி செயலியில் உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டுக்கு 'சர்வதேசப் பரிவர்த்தனை' என்பதைத் திறந்துவிடுங்கள். புதிய அட்டைகளில் இது மூடியே வரும். 'கார்டு டிக்ளைன்' என்று பலர் புலம்புவதற்குக் காரணம் இதுதான். உள்நாட்டுக்கு மட்டுமான ரூபே அட்டை அங்கே செல்லாது.

திறந்த கையோடு உச்சவரம்பையும் குறையுங்கள். 25 டாலர் கொடுப்பதாக இருந்தால் அதற்குச் சற்று மேலே வையுங்கள், போதும். வெளிநாட்டுத் தளங்கள் பலவும் ஓடிபி கேட்காமலே பணத்தை எடுத்துவிடும். வேலை முடிந்ததும் மறுபடி மூடிவிடுங்கள். மாதாமாதம் பிடிக்கும் கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்நியச் செலாவணிக்கு வங்கி 3.5 சதவீதம் பிடித்தால், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 25 டாலருக்கு ஏறக்குறைய ஒரு டாலர் கூடுதலாகப் போகும். கிளைக்குப் போய் வயர் டிரான்ஸ்ஃபர் செய்தால் கட்டணமே நன்கொடையைத் தின்றுவிடும். சின்னத் தொகைக்கு அது வேண்டாம். வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுப்பதற்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது. ஆடிட்டரிடம் ரசீதைக் காட்டிப் பயனில்லை.

'ஹாலிவுட் நடிகர் நிவாரணம்' என்று வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடும் யூபிஐ எண்ணும் வந்தால் அழித்துவிடுங்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து தளத்துக்குள் போங்கள்.

திருவாரூர் வாசகர்: நடிகர்களுக்கு ஆதரவாக, அவர்கள் குரலையே ஏஐ-இல் பேசவைத்து வீடியோ போடுகிறோம். எப்படி?

வேண்டாம் ஐயா. அவர்கள் வீதிக்கு வந்த காரணங்களில் ஒன்றே அதுதான். ஒருவரின் முகத்தையும் குரலையும் கணினியில் நகலெடுக்க அவருடைய தெளிவான சம்மதமும் கூலியும் வேண்டும் என்பது நடிகர் ஒப்பந்தத்தில் வந்தது. ஏஐ எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கணக்கிட முடியாது, ஏஐ-யைப் பயன்படுத்தச் சொல்லி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது என்பது எழுத்தாளர் ஒப்பந்தத்தில் வந்தது. உங்கள் சொந்தக் குரலிலேயே பேசுங்கள். திருவாரூர்த் தமிழுக்கு என்ன குறைச்சல்?

மயிலாடுதுறை, கதை எழுதும் இளைஞர்: நம் எழுத்தாளர்களுக்கு இப்படிப் பங்கு உண்டா?

2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, திரையரங்குக்கு வெளியே தங்கள் படைப்பு பயன்படும்போது வரும் ராயல்டியில் தமக்குள்ள பங்கைப் படத்துக்கு எழுதுபவர் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி சங்கமான ஐபிஆர்எஸ் வழியாக வசூல் செய்கிறார்கள். கதாசிரியருக்கு, 'மொத்தமாக ஒரு தொகை, எல்லா உரிமையும் எங்களுக்கு' என்ற பத்திரம்தான் இன்னும் நீட்டப்படுகிறது. கையெழுத்துக்கு முன் அந்த வரியை வக்கீலிடம் காட்டுங்கள். கதையைச் சொல்லப் போவதற்கு முன் இங்குள்ள திரை எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யுங்கள், சொன்ன பிறகு அல்ல.

தஞ்சாவூர் ரசிகர் மன்றத்தினர்: கோடம்பாக்கத்தில் ஸ்டிரைக் வந்தால் நாங்கள் அரிசி அனுப்பத் தயார்.

முதலில் யார், யாரை எதிர்த்து நிற்கிறார் என்று பாருங்கள். இங்கே 'ஸ்டிரைக்' என்று பேப்பரில் வருவதெல்லாம் தொழிலாளி ஸ்டிரைக் இல்லை. 2018 மார்ச் 1 முதல் புதுப்படங்களை நிறுத்தியது தயாரிப்பாளர் சங்கம். டிஜிட்டல் திரையிடலுக்கான வி.பி.எஃப். கட்டணத்தை எதிர்த்து நடந்தது அது. மார்ச் நடுவில் ஷூட்டிங்கும் நின்றபோது தினக்கூலிக்காரருக்குத்தான் அடுப்பு எரியவில்லை. யார் பக்கம் நியாயம் என்று தெரியாவிட்டாலும் அவர்களுக்கு அரிசி கொடுப்பதில் தப்பில்லை. 2020 பொதுமுடக்கத்தில் பெப்சி தொழிலாளர்களுக்கு அரிசியும் பணமும் போனது நினைவிருக்கும். பெப்சி என்பது இருபதுக்கும் மேற்பட்ட திரைத் தொழிலாளர் சங்கங்களின் சம்மேளனம். லாரி ஏற்றுமுன் அவர்களிடம் பேசி, எந்தச் சங்கத்துக்கு எத்தனை குடும்பம் என்று பட்டியல் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரே சங்கத்துக்கு மூன்று லாரி போகும், துணை நடிகருக்கு ஒன்றும் போகாது.

அரிசி விஷயம் உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும்: தை, மாசியில் சம்பா அறுத்த கையோடு அரைத்ததை அனுப்பாதீர்கள். புது அரிசி குழையும். ஆறு மாதமாவது ஆன புழுங்கல் அரிசியாக இருக்கட்டும். நாலு பேர் வீட்டுக்கு ஒரு 25 கிலோ சிப்பம் ஏறக்குறைய ஒரு மாதம் வரும். லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான சிப்பத்துக்கு 2022 ஜூலை முதல் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கடைகளில் 26 கிலோ சிப்பம் முளைத்த ரகசியம் அதுதான். நூறு சிப்பம் வாங்கும்போது அந்த 5 சதவீதத்தில் ஐந்து குடும்பம் சாப்பிடும். ஐப்பசி, கார்த்திகையில் அனுப்புவதானால் தார்ப்பாய் ஒன்றுக்கு இரண்டு. இறக்குமிடத்தில் கட்டை போட்டு அடுக்கச் சொல்லுங்கள். மூட்டையில் தலைவர் படம் ஒட்டுவதா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்குகிறவர் அதைத் தோளில் சுமந்துகொண்டு தெரு வழியாக வீட்டுக்குப் போக வேண்டும். விட்டுவிடுங்கள்.

மன்னார்குடி வாசகர் மறுபடியும்: ஸ்டிரைக் முடிந்தது என்று எப்போது எடுத்துக்கொள்வது? விளம்பர ரீலை எப்போது போடலாம்?

'உடன்பாடு எட்டியது' என்ற செய்தியைப் பார்த்ததும் போட்டுவிடாதீர்கள். அது பேச்சுவார்த்தைக் குழு ஒப்புக்கொண்டது மட்டுமே. உறுப்பினர் ஓட்டுப்போட்டு முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2023-இல் எழுத்தாளர்கள் அக்டோபர் 9-இல்தான் ஒப்பந்தத்தை உறுதி செய்தார்கள், நடிகர்கள் டிசம்பர் 5-இல். ஸ்டிரைக் உத்தரவு அதற்கு முன்பே விலகிவிட்டது. நீங்கள் பார்க்க வேண்டியது அந்த உத்தரவை விலக்கும் நேரத்தை. நடிகர் ஸ்டிரைக் லாஸ் ஏஞ்சல்ஸ் நேரப்படி நவம்பர் 9, நள்ளிரவு 12:01-க்கு முடிந்தது. நமக்கு அது அன்று மதியம் 1:31.