முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டுமாம், சம்மதிக்கலாமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். தொடக்கநிலை 3 படிக்கும் மகள் இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை, காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள், பேச்சு குறைந்துகொண்டே வந்தது, அப்புறம் ஒருநாள் வலிப்பு. எம்ஆர்ஐயில் ஒன்றும் இல்லை. ஆனாலும் நோய் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிறதோ என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டு, முதுகிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கால் விளங்காமல் போய்விடும் என்று மாமியார் அழுகிறாராம்.

சம்மதியுங்கள், தள்ளிப்போடாதீர்கள். தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது, ஊசி இறங்குவது அதற்கும் கீழே. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள்தான் இருக்கின்றன, ஊசி பட்டால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். இரண்டொரு நாள் தலைவலியோ முதுகுவலியோ இருக்கலாம். இதை மாமியாரிடம் மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் சொல்வதைவிட எடுபடும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் எனக்கும் முதலில் தோன்றுவது என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சிதான். நரம்பியல் மருத்துவர் டால்மாவ் குழுவினர் 2007இல் அடையாளம் கண்ட நோய் இது. நரம்பணுக்களின் மேலிருந்து செய்தி வாங்கும் ஏற்பிகளை, கிருமிகளை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் தவறுதலாகப் பற்றி உள்ளே இழுத்துவிடுவதால் குணம், தூக்கம், பேச்சு எல்லாம் தடம்மாறுகின்றன. அணுக்கள் பெரும்பாலும் செத்துவிடுவதில்லை, அதனால்தான் எம்ஆர்ஐ பாதிப் பேருக்கு மேல் சுத்தமாக இருக்கிறது, அதனால்தான் பிள்ளை மீண்டு வரவும் முடிகிறது. எதிர்ப்பொருளைத் தேட ரத்தத்தைவிட முதுகுநீரே நம்பகமானது.

முடிவு வர நாளாகும். அதற்குமுன்பே ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள் மருந்து) தொடங்கலாம் என்றால் தயங்க வேண்டாம், சீக்கிரம் தொடங்குகிற பிள்ளைகள் நன்றாகத் தேறுகிறார்கள். வலிப்பு மருந்து மட்டும் போதாது, அது வேரைத் தொடாது. இந்த நோயைத் தூண்டக்கூடிய கட்டி சினைப்பையில் இருக்கிறதா என்று வயிற்றையும் ஸ்கேன் செய்வார்கள், பதற வேண்டாம், சிறுமிகளுக்கு அது அபூர்வம்தான்.

வாய் கோணினாலோ கை முறுக்கினாலோ அதைக் கைப்பேசியில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டுக்கு வந்தபின் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், 5 நிமிடம் தாண்டினால் உடனே 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். பேச்சும் படிப்பும் திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம், ஆசிரியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். இம்யூனோகுளோபுலின் கொடுத்திருந்தால் தட்டம்மை போன்ற தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும், எத்தனை மாதம் என்று வீட்டுக்கு அனுப்பும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.