தோட்டப்புறத்தில் முறுக்கு சுட்டு விற்று, பின்னால் கொஞ்சம் பயிரும் வைத்துக் குடும்பம் நடத்த முடியுமா?

முடியும் தம்பி. நானும் இங்கே மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம்தான். பதினோரு வருடமாக எங்கள் வீட்டில் அடுப்பு என் பொறுப்பு, வாழை வீட்டுக்காரர் பொறுப்பு.

கிள்ளான் தொழிற்சாலை வேலையை விட்டு ஊருக்கே வந்துவிட்டதாகவும், அம்மா கைமுறுக்கு நன்றாகச் சுற்றுவார் என்றும், வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர் சும்மா கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் எதை முதலில் தொடங்குவது என்று கேட்டால், வாழையைத்தான் சொல்வேன். முறுக்குக் காசு தீபாவளிக்கும் கல்யாண மாதங்களுக்கும் மொத்தமாக வரும், அப்புறம் நாலைந்து மாதம் ஆளையே காணாது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் உலை கொதித்தது வாழை இலை விற்ற காசில்தான்.

அதற்கும் முன்னால், நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தோட்டத்தில் பால்மரத்தை, அதாவது ரப்பரை, வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். இளங்கன்றை மாடு கடித்துவிடும் என்று மேய்ச்சலை நிறுத்தினார்கள். அப்பா ஆறு மாட்டையும் ஒரே வாரத்தில் வந்த விலைக்கு விற்றார். கொட்டகைக்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை, அது நின்றது தோட்டத்து மண்ணில். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் நம் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளர்களின் பங்குப் பணத்திலேயே தோட்டம் வாங்க வைத்தார் என்று பள்ளியில் படித்திருந்தேன். அது எதற்கென்று அன்றைக்குத்தான் விளங்கியது. நில கிராண்ட், அதாவது பட்டா, உங்கள் வீட்டுப் பேரில் இல்லையென்றால் வெண்டை, கீரை, பயற்றங்காயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிராண்ட் இருந்தால் நூறு வாழை வையுங்கள், காற்று நேராக அடிக்காத பக்கமாக. கிழிந்த இலையைச் சாப்பாட்டுக் கடைக்காரர் தொடமாட்டார். ஒரு மரம் வாரத்துக்கோ பத்து நாளைக்கோ ஓர் இலைதான் விடும், ஆகவே கணக்கை அங்கிருந்து போடுங்கள். எங்களுக்கு வாரம் எண்பது தொண்ணூறு வெள்ளி (ரிங்கிட்) தேறுகிறது. புரட்டாசியில் ஊரே சைவத்துக்கு மாறும்போது கேட்கிற இலையைக் கொடுத்து மாளாது, தைப்பூசத்துக்கும் அப்படித்தான். கத்தி விஷயத்தில் கவனம். நோய் விழுந்த மரத்தை வெட்டிய கத்தியால் அடுத்த மரத்தைத் தொட்டால் வாடல் நோய் வரிசையாகப் போய்விடும். வீட்டுக்காரர் இடுப்பில் குளோராக்ஸ் (துணி வெளுக்கும் மருந்து) கலந்த தண்ணீரை ஒரு போத்தலில் தொங்கவிட்டுக்கொண்டு, மரத்துக்கு மரம் கத்தியை நனைத்துத்தான் வெட்டுவார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். முப்பத்தெட்டு மரத்தை ஒரே மாதத்தில் தோண்டிப் புதைத்த பிறகு வந்த பழக்கம் அது.

சரி, முறுக்கு. அச்சு முறுக்கு, கச்சாங் பூத்தே என்கிற கடலை, பயறு நொறுக்கு வகைகளில் இறங்க வேண்டாம். ஈப்போ புந்தோங்கில் கம்போங் கச்சாங் பூத்தே என்றே ஓர் இடம் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக அதையே செய்கிறார்கள். விலையில் அவர்களோடு நம்மால் மோத முடியாது. அம்மாவின் கைமுறுக்கு வேறு சரக்கு, அதை வேறு விலைக்குத்தான் விற்க வேண்டும்.

கடையில் வாங்கும் காய்ந்த மாவு இதற்கு ஆகாது, சுற்றும்போதே விட்டுப்போகும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போவதற்குள் இடித்துச் சலிக்க வேண்டும். மாவையும் மொத்தமாகப் பிசைந்து வைக்காதீர்கள், நேரமானால் முறுக்கு சிவந்துவிடும். இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். ஆர்டர் கூடும்போது "ஒரே தடவையாகப் பிசைந்துவிடலாமே" என்று அவசரப்படுத்தப்போவது நீங்கள்தான், அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

எண்ணெய்க் கணக்கை ஒரு கிலோ 2 வெள்ளி 50 காசு பாக்கெட்டை வைத்துப் போடாதீர்கள். அது வீட்டுச் சமையலுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிற எண்ணெய், வியாபாரத்துக்கு ஆகாது. மானியமில்லாத எண்ணெய் விலையைப் போட்டுப் பார்த்தும் லாபம் நின்றால் தொடங்குங்கள்.

முதல் தீபாவளிக்கு அறுபது போத்தலை ஐந்து கடைகளில் "விற்றால் காசு கொடுங்கள்" என்று வைத்துவிட்டு வந்தேன். இருபத்து மூன்று திரும்பி வந்தன, எல்லாம் நமத்துப்போய். தப்பு என்னுடையதுதான்: சூடு ஆறாமல் மூடியிருக்கிறேன், உள்ளே வேர்த்துவிட்டது. ஆனால் ஒரு கடைக்காரர் விற்ற போத்தலுக்கே இன்னும் காசு தரவில்லை, பார்த்தால் "என்னாக்கா, சௌக்கியமா?" என்று மட்டும் கேட்பார். இப்போது பாதிப் பணம் கைக்கு வந்தால்தான் அரிசி ஊறும்.

பேப்பர் வேலை அவ்வளவு பயப்படும்படி இல்லை. எஸ்எஸ்எம் என்கிற நிறுவன ஆணையத்தில் வியாபாரப் பதிவு உங்கள் சொந்தப் பேரில் என்றால் வருடம் 30 வெள்ளி, கடைப்பேர் வைத்தால் 60. உணவு கையாளுவோர் பயிற்சிக்குப் போய், டைபாய்டு ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள், அம்மாவுக்கும் சேர்த்து. போத்தலில் சேர்மானம், எடை, உங்கள் முகவரி ஒட்டியிருக்க வேண்டும்.

ஆர்டர் எடுக்கும் முன்பு, ஒரு நாளைக்கு எவ்வளவு சுற்ற முடியும் என்று அம்மாவிடம் கேளுங்கள். என் மாமியார் காலையில் இரண்டு கிலோ மாவு சுற்றுவார், அதற்கு மேல் விரல் மடங்காது. அது தெரிந்திருந்தும் ஒரு வருடம் நாற்பது கிலோவுக்குத் தலையாட்டிவிட்டேன். கடைசி மூன்று நாள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பழகிய அக்காமார் மூன்று பேரைக் கூலிக்குக் கூப்பிட்டு, விடிய விடிய உட்கார்ந்து முடித்தோம். தீபாவளி கழிந்து பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் போன் செய்தார். காசைப் பற்றியோ ருசியைப் பற்றியோ பேசவில்லை. "பாட்டி அஞ்சு சுற்று சுற்றுவாங்களே, இதுல பாதி மூணு சுற்றா இருக்கே, அவங்களுக்கு உடம்பு முடியலையா?" என்று கேட்டார்.