சூரைச்செடியும் ஓரேபும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். நான் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து நாட்களில் (தவக்காலத்தில்) டிவி, யூடியூப், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் விட்டேன். அதிகாலையில் எழுந்து, கர்த்தர் பேசுவார் என்று அமைதியாகக் காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. தூக்கம் வந்தது, இல்லாவிட்டால் வார்டு நினைவு வந்தது. ஜெபக்குழுவில் மற்றவர்கள் “கர்த்தர் என்னிடம் பேசினார்” என்று சாட்சி சொல்லும்போது தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த வேலைதான் தடையோ? இதை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனால்தான் அவர் சத்தம் கேட்குமோ?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் தலைகுனிய எந்தக் காரணமும் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

தேவனுடைய சத்தத்தைக் கேட்பது பற்றி நம் சபைகளில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எலியா தீர்க்கதரிசியிடம் போவார்கள். ஓரேப் மலை, பெருங்காற்று, பூமி அதிர்ச்சி, அக்கினி, பிறகு “அமர்ந்த மெல்லிய சத்தம்”. ஆனால் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் மலையில் தொடங்கவில்லை. தன்னைக் கொல்லத் தேடிய யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய அந்த மனிதன், வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்கும் இடத்தில்தான் அது சூடுபிடிக்கிறது. அங்கே அவனுக்கு உபதேசம் வரவில்லை, தரிசனமும் வரவில்லை. தூங்கவிட்டார்கள். தூதன் தட்டி எழுப்பினான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். மறுபடியும் எழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்றான் தூதன், போகவேண்டிய தூரம் அதிகம் என்பதால். அதன் பிறகுதான் நாற்பது நாள் நடை, மலை, மெல்லிய சத்தம் எல்லாம்.

இரவு முழுவதும் நோயாளிகளின் பக்கத்தில் நின்றவர் விடியற்காலையில் ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வராமல் என்ன வரும்? அதை ஆவிக்குரிய குறை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது எனக்குக் கோபத்தைத் தருகிறது. இரவுப் பணி முடிந்த நாளில் தூங்குங்கள். அது கீழ்ப்படிதல்தான்.

அதே அதிகாரத்தில் இன்னொன்று இருக்கிறது. “எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?” என்ற கேள்வி இரண்டு தடவை வருகிறது, மெல்லிய சத்தத்துக்கு முன்னும் பின்னும். எலியாவின் பதிலைப் பாருங்கள். இரண்டு தடவையும் அதே முறையீடு, ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் அதே வார்த்தைகள்: நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன், என் பிராணனையும் வாங்கத் தேடுகிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டவனுக்கே மனம் உடனே மாறிவிடவில்லை! கர்த்தர் அதற்காக அவனைக் கடிந்துகொள்ளவும் இல்லை. வந்த வழியே திரும்பிப் போ என்றார். ஆசகேலையும் யெகூவையும் ராஜாக்களாக, எலிசாவை உன் இடத்தில் தீர்க்கதரிசியாக அபிஷேகம்பண்ணு என்று வேலை கொடுத்தார். நீ தனி ஆள் இல்லை, பாகால் என்ற அந்நிய தேவனுக்கு முழங்கால் முடங்காதவர்கள் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்றார். மலையில் அவனுக்குக் கிடைத்தது பரவசம் அல்ல. திரும்பிப் போக ஒரு வழியும் கூட நிற்க ஆட்களும்.

ஆகவே, அமைதியில் உட்கார்ந்தும் ஒன்றும் கேட்கவில்லை என்று நீங்கள் எழுதும்போது, எதை எதிர்பார்த்து உட்கார்ந்தீர்கள் என்றுதான் யோசிக்கிறேன். மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போகிறார். அங்கே பிதா அவரிடம் என்ன சொன்னார் என்று மாற்கு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எழுதியிருப்பது அடுத்து நடந்தது. சீமோன் தேடி வந்து, “உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்” என்கிறான். இயேசு கப்பர்நகூமுக்குத் திரும்பவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். எல்லாரும் தேடுகிறார்கள் என்ற அழைப்புக்கு இழுபடாமல் நிற்கும் திடம் அந்த அதிகாலையில் அவரிடம் இருந்தது. நம் கைப்பேசி நாள் முழுவதும் சொல்வதும் அதே வாசகத்தைத்தான். லெந்துக்காக நீங்கள் அதை ஒதுக்கியது வீணாகவில்லை. ஈஸ்டருக்குப் பிறகும், தினமும் ஒரு நேரமாவது அது வேறு அறையில் இருக்கட்டும்.

ஆனால் வார்டை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். யூடியூப் ஒரு கவனச்சிதறல். ஆக்சிஜன் வைத்திருக்கும் பாட்டியின் முகம் ஜெப நேரத்தில் நினைவுக்கு வருவது கவனச்சிதறல் அல்ல. அந்த முகத்தைத் தள்ளிவிட்டுக் கர்த்தருக்காகக் காத்திருக்கிறீர்களே, அந்த முகத்தோடுதான் அவர் வந்திருக்கிறார் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். வியாதியாயிருந்தவர்களை விசாரித்தது தம்மையே விசாரித்தது என்று இயேசு சொல்லும் மத்தேயு 25 வேறு என்ன சொல்கிறது? அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். அதுவே அன்றைய தியானமாக இருக்கட்டும்.

எது அவர் குரல், எது நம் ஆசை என்று எப்படிப் பிரிப்பது? நம் புராட்டஸ்டண்ட் சபைகளில் அதிகம் பேசப்படாத ஒருவர் இதற்கு உதவுகிறார். 1521இல் ஸ்பெயினின் பாம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து, வீட்டில் படுக்கையில் கிடந்தார் லொயோலா இஞ்ஞாசியார், பின்னாளில் கத்தோலிக்கரின் இயேசு சபையை நிறுவியவர். பொழுதுபோக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் கதைகளும்தான் கிடைத்தன. அரண்மனை, சீமாட்டி, வீரம் என்று கனவு காணும்போது இன்பமாக இருந்தது, முடிந்த பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தபோதும் இன்பமாக இருந்தது, அந்த மகிழ்ச்சி பிறகும் தங்கியது. இந்த வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்துதான் அவர் பகுத்தறியக் கற்றார். காதில் விழுந்த குரல் எதுவும் இல்லை. ஒரு நினைவு வந்து போன பிறகு உள்ளே எதை விட்டுச் செல்கிறது என்று பார்த்தார், அவ்வளவுதான்.

நீங்களும் இதைச் செய்யலாம். பகல் பணி நாட்களில் சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதியை மெதுவாக வாசியுங்கள். எதையும் கேட்டே ஆகவேண்டும் என்று மனதை வருத்தாதீர்கள். படுக்கும் முன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து, எது சமாதானத்தை விட்டுச் சென்றது, எது வறட்சியை என்று இரண்டு வரி எழுதுங்கள்.

வேலையைப் பற்றி: சூரைச்செடியின் கீழ் இருக்கும்போது ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். முழுநேர ஊழியத்துக்கு உண்மையாகவே அழைப்பு இருந்தால், நன்றாகத் தூங்கி எழுந்த நாட்களிலும் அது அங்கேயே இருக்கும். கிறிஸ்துமஸ் வரை அந்தக் குறிப்புகளை எழுதிவாருங்கள். பிறகு உங்களை நெடுநாளாக அறிந்த, உங்கள் முடிவால் எந்த லாபமும் இல்லாத ஒரு மூத்த விசுவாசியிடம் அவற்றைக் காட்டிப் பேசுங்கள். விருப்பமிருந்தால் எனக்கும் எழுதுங்கள்.