நம்ம கரைக்கு ஒரு கோட் லைப்ரரி: கேட்டதும் சொன்னதும்

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டின்னு ஆளாளுக்கு ஆர்டுயினோ, ஈஎஸ்பி32ன்னு சின்ன கம்ப்யூட்டர் போர்டு வச்சு ஏதாவது செஞ்சுகிட்டுத்தான் இருக்கோம், ஆனா ஒருத்தர் எழுதின கோடு, அதான் போர்டுக்கு எழுதுற புரோகிராம், இன்னொருத்தர் கைக்கு வர்றதில்ல, வந்தாலும் ஓடுறதில்ல. எல்லாத்தையும் ஒரே இடத்துல சேப்போம்னு ஆரம்பிச்சதுல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கீங்க, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

தங்கச்சிமடம் தம்பி: அண்ணே, என்கிட்ட இருபது ஸ்கெட்ச் (ஆர்டுயினோ புரோகிராம்) கெடக்கு, அப்படியே ஜிப் பண்ணி குடுத்துரவா?

வேணாம்பா. ஒண்ணே ஒண்ணு குடு, ஆனா முழுசா குடு. எந்த போர்டு, எந்த பின்னுல எந்த ஒயரு, உள்ள சேத்த ரெடிமேட் கோடு (அதையும் லைப்ரரின்னுதான் சொல்வாங்க) எது, எந்த வெர்ஷன், ஓடுனப்போ சீரியல் மானிட்டர்ல (போர்டு அனுப்புறத கம்ப்யூட்டர்ல காட்டுற ஜன்னல்) என்ன வந்துச்சுன்னு நாலு வரி. அப்புறம் வேற ஊர்ல இருக்க ஒருத்தர் அத தன்னோட போர்டுல ஓட்டிப் பாத்து சரின்னு சொன்னாத்தான் உள்ள சேப்போம். இதுல நான் கறாரா இருக்கறதுக்குக் காரணம் இருக்கு. ஒரு மீன் கம்பெனி ஐஸ் பெட்டிக்கு சூடு அளக்குற டிஎஸ்18பி20 சென்சார் போட்டுக் குடுத்தேன், சூடு ஏறுனா பஸ்ஸர் அடிக்கணும். உப்புக்காத்துல ஒயரு களிம்பு பிடிச்சு அத்துப்போச்சு, சென்சார் கிடைக்கலன்னா அத படிக்கிற டல்லாஸ் டெம்பரேச்சர் லைப்ரரி -127 டிகிரின்னு குடுக்கும், என் கோடு அத நல்ல குளிர்னு நெனச்சு சும்மா இருந்துருச்சு. ஐஸ் கரைஞ்சு ஒரு பெட்டி மீன் கெட்டுப்போச்சு. மேசைமேல வச்சுப் பாத்தப்போ பிரமாதமாத்தான் ஓடுச்சு, ஒயர புடுங்கிப் பாக்கணும்னு எனக்குத் தோணல. இன்னொருத்தர் கைல குடுத்திருந்தா புடுங்கிப் பாத்திருப்பாரு. அதே மாதிரி கரண்ட் வந்த ஒடனே 85 டிகிரின்னு வந்தாலும் நம்பாதீங்க, அது அளந்த சூடு இல்ல, சென்சார் முழிக்கறப்ப உள்ள இருக்குற மதிப்பு.

பாம்பன், நாட்டுப்படகுக்காரர்: ஜிபிஎஸ் கோடு போட்டா கரைல நிக்கிற போட்ட கடல் நடுவுல காட்டுதே?

இதுல மாட்டிக்கிறவங்க நெறைய பேரு மாமா. ஜிபிஎஸ் மாட்யூல் அனுப்புற 0917.2800ங்கறத 9.1728 டிகிரின்னு படிச்சிருப்பீங்க. அது 9 டிகிரி, 17.28 நிமிஷம். நிமிஷத்த 60ஆல வகுத்து கூட்டுனா 9.288, அதான் ராமேஸ்வரம் பக்கம். தப்பா படிச்சா கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் தெக்க தள்ளிக் காட்டும், நம்ம கடல்ல எல்லைக்கோடு இருக்குற தூரத்துக்கு இது உயிர் விஷயம். அதனால ஜிபிஎஸ் கோடு யார் குடுத்தாலும் தெரிஞ்ச ஒரு எடத்தோட கணக்கையும் கூட வச்சுத்தான் குடுக்கணும்.

கீழக்கரை மாணவி: ஈஎஸ்பி32ல நல்லா ஓடுற கோடு, ஆர்டுயினோ யூனோ போர்டுல முப்பது செகண்ட் தாண்டுனா தாறுமாறா ஆகுது, ஏன் சார்?

மில்லிஸ் நேரத்த, அதான் போர்டு ஓட ஆரம்பிச்சதுல இருந்து எண்ணுற மில்லிசெகண்ட, இன்ட்ங்கற சின்ன எண் டப்பாவுல வச்சிருப்பம்மா. யூனோ ஆர்3ல இன்ட் 16 பிட், 32767 மில்லிசெகண்டோட சரி. ஈஎஸ்பி32ல 32 பிட், அதான் அங்க தப்பு வெளிய தெரியல. அதவிட பெரிய அன்சைன்ட் லாங் போட்டு, இப்ப இருக்குற நேரத்துல இருந்து அப்ப குறிச்ச நேரத்த கழிச்சு எழுதுனா 49.7 நாள்ல கவுன்ட்டர் திரும்ப சைபர் ஆனாலும் கணக்கு தப்பாது. ரெண்டு போர்டுலயும் ஓட்டிப் பாக்கச் சொல்றது இதுக்குத்தான்.

தொண்டி: கோடுக்குள்ள எழுதுற விளக்கத்த, அதான் கமெண்ட்ட, தமிழ்ல எழுதுனா மெமரி தின்னுமா?

தின்னாது, கமெண்ட் போர்டுக்குப் போறதே இல்ல, தாராளமா எழுதுங்க, கோட விட அதான் முக்கியம். பிரின்ட் பண்ற தமிழ்தான் தின்னும். மீன்ங்கற ஒரு சொல்லே 12 பைட்டு, யூனோ ஆர்3 ரேம் மொத்தமே 2 கேபி.

மண்டபம்: வேறொருத்தர் கோட எடுத்து சேக்கலாமா?

லைசென்ஸ் பாருங்க, அதான் கோட எப்படி பயன்படுத்தலாம்னு எழுதினவர் போட்ட நிபந்தனை. எம்ஐடின்னா அவங்க பேரையும் லைசென்ஸையும் அப்படியே விட்டு சேக்கலாம். ஜிபிஎல்னா நீங்க மாத்தி வெளிய குடுக்கற சோர்ஸையும் அதே லைசென்ஸ்ல குடுக்கணும். ஒண்ணுமே போடலன்னா எழுதினவருகிட்ட கேக்காம தொடாதீங்க. வைஃபை பாஸ்வேர்ட அழிச்சுட்டு அனுப்புங்க. உங்க மீன் கிடைக்கிற எடத்து ஜிபிஎஸ் பதிவையும் சேத்து அனுப்பிறாதீங்க, அப்புறம் எல்லா போட்டும் அங்கதான் நிக்கும்.

கடல்பாசி வளக்குற அக்கா: எனக்கு கோடு எழுதத் தெரியாதுப்பா, நான் என்ன குடுக்க?

அக்கா, உங்ககிட்ட இருந்துதான் பெரிய விஷயமே வரணும். ரெண்டு சென்சார் தாரேன், ஒண்ணுல ஒயரு சேருற எடத்துல எபாக்ஸி ஊத்தியிருக்கும், இன்னொண்ணு சும்மா டேப். தெப்பத்துல பக்கத்துல பக்கத்துல கட்டிவிட்டு, எது எத்தன நாள்ல -127 காட்டுதுன்னு தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதிக் குடுங்க. அந்த நோட்டு கோடு கூடவே இருக்கும், உங்க பேரோட.