கல்யாண வீட்டுத் தேநீர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பினாங்கில் சீன நண்பர் ஒருவரின் திருமணத்துக்குச் சென்றிருந்தேன். மணமக்கள் முழந்தாளிட்டுப் பெரியவர்களுக்கு ஒவ்வொருவராகத் தேநீர் கொடுத்தார்கள். அவர்கள் ஒரு வாய் பருகிவிட்டு அங்பாவ் என்ற சிவப்பு உறையில் பணம் தந்தார்கள். சீனாவுக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் சொல்லும் தேநீர்ச் சடங்கு இதுதானா? ஒரு கோப்பைத் தேநீருக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

க.

அன்புள்ள க.,

இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் பார்த்ததுதான் உண்மையில் சடங்கு. சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் தென்சீனத்து விருந்தோம்பல் முறை ஒன்றின் மெருகேற்றிய வடிவம். அதற்குத் ‘தேநீர்க் கலை’ என்ற பெயர் பரவியதே 1970-களில் தைவானில்தான்.

ஜப்பானில் இருப்பதுபோல வகுத்து வைத்த ஒற்றைச் சடங்கு சீனாவில் நிலைபெறாததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சோங் அரச வம்சத்தின் காலத்தில் தேயிலையைப் பொடித்து வெந்நீர் விட்டு நுரை பொங்க அடித்துக் குடித்தார்கள். ஜப்பான் அதைக் கற்றுக்கொண்டு காப்பாற்றியது. சீனாவிலோ மிங் வம்சத்தின் முதல் பேரரசர் 1391-இல் அரண்மனைக்கு அச்சுத் தேயிலையை, அதாவது அச்சில் அழுத்திக் கட்டியாக்கிய தேயிலையை, திறையாகச் செலுத்தும் வழக்கத்தை நிறுத்திவிட, உதிரி இலையை ஊறவைத்துக் குடிப்பதே நாளடைவில் பொது வழக்கமாயிற்று.

அந்த வழக்கம் மிக நுட்பமாக வளர்ந்த இடம் குவாங்தொங் மாகாணத்தின் சாவோசோ. கைக்குள் அடங்கும் மண் கெண்டி, அதில் பாதிக்குமேல் தேயிலை, விளிம்போடு விளிம்பு தொடும்படி மூன்று சிறு கோப்பைகள். ஒரு கோப்பையை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகமாட்டார்கள். எல்லாவற்றிலும் திடம் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதற்காகக் கெண்டியைக் கோப்பைகளின் மேல் வட்டமாகச் சுற்றி ஊற்றுவார்கள். இதற்குப் பெயர் ‘குவான் யூ நகர்வலம்’. அடியில் தங்கும் கெட்டிச் சொட்டுகளை ஒவ்வொரு கோப்பையிலும் எண்ணி விடுவது ‘ஹான் சின் படை எண்ணுதல்’. இருவரும் பழைய தளபதிகள். தேநீர் ஊற்றுவதற்குப் போய்ப் படைத்தலைவர்களை அழைத்த குறும்பை நான் மிகவும் ரசிக்கிறேன். நான்கு பேர் இருந்தாலும் கோப்பை மூன்றுதான், ஊற்றுபவர் காத்திருப்பார். இது கடைவாசலில்கூட அன்றாடம் நடப்பது, அரங்கேற்றம் அல்ல.

திருமணத்துக்கு வருகிறேன். தேயிலைச் செடியை இடம் பெயர்த்து நட்டால் பிழைக்காது என்று முற்காலத்தில் நம்பியதால், மாறாத உறவுக்கு அடையாளமாக அதை நிச்சயதார்த்தச் சீரில் பெண் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் கல்யாணத்தன்று முக்கியம் இலையல்ல, கொடுக்கும் முறை. மணமகள் ஒவ்வொருவரையும் அவரவர்க்குரிய உறவுமுறை சொல்லி அழைத்துக் கோப்பையை இரு கைகளாலும் நீட்டுகிறாள். பெரியப்பாவும் சித்தப்பாவும் சீனமொழிகளில் வேறு வேறு சொற்கள். நீட்டியதை வாங்கிப் பருகினால் அந்த உறவை அவர் ஏற்றுக்கொண்டார் என்று பொருள், பருகாவிட்டால் ஏற்கவில்லை. குருவிடம் சீடனாகச் சேர்பவனும், தவறு செய்துவிட்டு மன்னிப்புக் கேட்பவனும் தேநீரே கொடுக்கிறார்கள். அங்கும் பதில் பருகுவதில்தான் இருக்கிறது. 2022-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சீனத் தேயிலை இடம்பெற்றபோது, தயாரிப்பு நுட்பங்களோடு ‘சார்ந்த சமூக வழக்கங்கள்’ என்றும் சேர்த்தே எழுதினார்கள். எனக்கு அந்தப் பின்பாதிதான் முக்கியமாகப் படுகிறது.

உங்கள் நண்பர் வீட்டார் ஹொக்கியன் என்ற தென்சீன மொழி பேசுபவர்கள் என்றால் அன்று ‘தே’ என்ற சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும். அவர்கள் மொழியிலிருந்து கடல்வழியே பல நாடுகளுக்குப் போன அந்தச் சொல்தான் நம் தேயிலையிலும் தேநீரிலும் முன்னால் நிற்கிறது.