பழைய காரின் அடிப்பாகத்தைத் துருவிலிருந்து காப்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சிறிய பெட்ரோல் கார் 2009-ஆம் ஆண்டில் வாங்கியது. பதிவைப் புதுப்பித்து ஓட்டி வருகிறோம். மும்பை செம்பூரில், கட்டடத்துக்கு வெளியே திறந்தவெளியில்தான் நிற்கிறது. சர்வீசுக்கு விட்டபோது, அடியில் துரு பிடித்திருக்கிறது, கருப்பு ரப்பர் பூச்சு அடித்துவிட்டால் போதும் என்றார்கள். அடிக்கலாமா?
– செம்பூர் வாசகர்

பதில்: அடிக்கலாம், ஆனால் இருக்கிற துருவின் மேல் அப்படியே அடிக்கக் கூடாது. அடித்தால் பூச்சு இல்லாதிருந்ததைவிட நிலைமை மோசமாகும்.

இரும்பு துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் போதும். அந்த ஈரத்தில் உப்பு கலந்திருந்தால், அது மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் துரு பலமடங்கு வேகமாகப் பரவும். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது; ஆண்டு முழுவதும் கடற்காற்று வீசுகிறது; கடல்மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில் மழை கொட்டினால் சயானிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் வடிய வழியில்லாமல் நிற்கும் சேற்றுநீரில் வண்டியை ஓட்டத்தான் வேண்டியிருக்கிறது. உதிரும் நிலையிலுள்ள துரு இந்த ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதன் மேல் தடிமனான பூச்சு ஏறும்போது ஈரம் உள்ளேயே சிறைப்படுகிறது. மேலும் ரப்பர், தார் வகைப் பூச்சுகள் சில ஆண்டுகளில் இறுகிப்போய், கல் பட்ட இடத்தில் வெடிப்பு விடும்; அந்த வெடிப்பின் வழியே நுழையும் தண்ணீர் பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே பரவி, காய வழியில்லாமல் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கருகருவென்று புதிதாகத் தெரிவதால், தகடு ஓட்டையாகும் வரை நமக்குத் தெரியாது.

ஆகவே முதல் வேலை பார்ப்பது. வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, சக்கர வளைவுகளின் பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றி, அழுத்த நீரால் சேற்றை முழுவதும் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவரால் சந்தேகமான இடங்களைக் குத்திப் பாருங்கள். தகடு உறுதியாக இருந்து, துரு மேலோட்டமாக மட்டும் இருந்தால், கம்பி பிரஷால் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, குழிகளில் எஞ்சியதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியை (துருவை மேலும் பரவாத படலமாக மாற்றும் திரவம்) தடவி, அது காய்ந்தபின் எபாக்ஸி பிரைமர் (தகட்டோடு இறுக ஒட்டி ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடிக்க வேண்டும். தகடுகள் சேரும் விளிம்புகளில் சீம் சீலர் (இடுக்குகளை அடைக்கும் பசை) பூசி, ரப்பர் பூச்சை அதற்குப் பிறகுதான் அடிக்க வேண்டும். அதுவும் கல் தெறிக்கும் சக்கர வளைவுகளுக்கும் தரைத் தகட்டுக்கும் மட்டும் போதும். சைலன்சர், பிரேக் பாகங்கள், ரப்பர் உறைகள், அசையும் மூட்டுகள் ஆகியவற்றின் மேல் எதுவும் படக் கூடாது. கதவுகளின் அடியிலும் தரையோரங்களிலும் உள்ள வடிகால் துளைகளைப் பூச்சு அடைத்துவிடாதபடி நீங்களே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது. அவசரத்தில் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஸ்க்ரூ டிரைவர் தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனால், குறிப்பாக ஜாக்கி வைக்கும் இடத்திலோ, சஸ்பென்ஷன் பிணைந்திருக்கும் இடத்திலோ, நீளவாக்கில் ஓடும் சட்டங்களிலோ அப்படிப் போனால், அது பூச்சு வேலையே அல்ல. துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதிய தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். பட்டி பூசி மறைத்துத் தருவதாக யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். விபத்தின்போது உங்கள் குடும்பத்தைத் தாங்க வேண்டிய பாகங்கள் இவை.

கதவுக்குக் கீழே பெட்டிபோல் ஓடும் பகுதி பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கும். அதற்குள் நீண்ட குழாய் முனையால் கேவிட்டி வாக்ஸ் (உள்ளறைகளில் படரும் மெழுகு) பீய்ச்ச வேண்டும். ரப்பர் பூச்சு, வாக்ஸ் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், வாக்ஸையே தேர்ந்தெடுங்கள் என்பேன். எல்லாவற்றையும் ஏப்ரல், மே மாதங்களில் முடித்துவிட வேண்டும். மழைக்காலக் காற்றின் ஈரத்தில் சுத்தம் செய்த தகடு பிரைமர் ஏறுவதற்குள்ளேயே மீண்டும் துருவேறத் தொடங்கிவிடும்.

கேள்வி: ஒவ்வொரு மழைக்கு முன்பும் எங்கள் மெக்கானிக் அடியில் பழைய எஞ்சின் ஆயிலைப் பீய்ச்சித் தருகிறார். வாட்டர் சர்வீஸில் டீசல் வாஷும் செய்கிறார்கள். இவை நல்லவையா?
– மாட்டுங்கா வாசகர்

பதில்: எண்ணெய்ப் படலம் தண்ணீரை ஒதுக்கும் என்ற அளவில் அவருடைய எண்ணம் சரிதான், எண்ணெய்தான் தவறானது. ஓடிக் கழிந்த ஆயிலில் அமிலங்களும் கரியும் உலோகத் துகள்களும் கலந்திருக்கும். அது மூட்டுகளிலுள்ள ரப்பர் புஷ்களை (அதிர்வைத் தாங்கும் வளையங்கள்) ஊறவைத்துக் கெடுக்கும், சூடான சைலன்சரில் பட்டால் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். மழையில் கழுவப்பட்டு வடிகால் வழியே கடலிலும் போய்ச் சேரும். டீசலோ சில நாட்களில் மறைந்துவிடும். போகும்போது மூட்டுகளிலிருந்த கிரீஸையும் கரைத்துவிடும். இதற்கு மாற்றாக, ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கப்படும் லனோலின் கலந்த ஸ்ப்ரேயையோ, அடிப்பாகத்துக்கென்றே விற்கப்படும் மெழுகு ஸ்ப்ரேயையோ ஆண்டுக்கொரு முறை அடியுங்கள். அவை இறுகிப்போகாமல் மிருதுவாகவே இருப்பதால் ரப்பர் பூச்சுபோல் வெடிப்பதில்லை. மழை ஓய்ந்ததும் அக்டோபரில் அடிப்பாகத்தை ஒரு முறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உங்கள் கட்டடத்தின் போர்வெல் நீர் உப்புக் கரித்தால் அதை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: பேட்டரியில் இணைத்துவிட்டால் துருவே பிடிக்காது என்று சொல்லி ஒரு மின்கருவி விற்கிறார்கள். வாங்கலாமா?
– டோம்பிவிலி வாசகர்

பதில்: வேண்டாம். மின்னோட்டம் செலுத்தித் துருவைத் தடுக்கும் இந்த முறை கடல்நீரில் மூழ்கியிருக்கும் கப்பலுக்கும் மண்ணில் புதைந்த குழாய்க்கும் பயன்படுகிறது. ஏனெனில் மின்னோட்டம் திரும்பிவர அங்கே சுற்றிலும் நீரோ ஈரமண்ணோ இருக்கிறது. காற்றில் நிற்கும் காருக்கு அந்த வழி இல்லை.

கேள்வி: சென்ற ஆண்டு முறையாகச் சுத்தம் செய்து பூச்சு அடித்தோம். ஆனாலும் இந்த மழையில் கால்மிதிக்கு அடியில் ஈரமும் வாடையும் இருக்கின்றன. பூச்சு சரியில்லையா?
– வாஷி வாசகர்

பதில்: பூச்சைக் குறை சொல்வதற்கு முன் மேலிருந்து வரும் தண்ணீரைத் தேடுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில் இலைகள் அடைத்துக்கொண்டால் மழைநீர் காருக்குள் இறங்கும். ஏ.சி.யின் வடிகுழாய் அடைத்தாலும் அதே கதிதான். அப்படியானால் மழையில்லாத நாளிலும் ஏ.சி. ஓடினால் புதிதாக ஈரம் சேரும், அதைக்கொண்டு வேறுபாட்டைக் கண்டறியலாம். கதவு ரப்பர்களையும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் பாருங்கள். கார்ப்பெட்டின் கீழுள்ள பஞ்சு தண்ணீரைப் பல வாரங்கள் பிடித்துவைத்துக்கொள்ளும்; அதனால் இருக்கைகளைக் கழற்றி, கார்ப்பெட்டை முழுவதும் வெளியே எடுத்து வெயிலில் உலர்த்தி, தரைத் தகட்டின் மேற்புறத்தில் துரு தென்பட்டால் செம்பூர் வாசகருக்குச் சொன்ன முறையிலேயே தேய்த்துப் பிரைமர் அடித்துவிட்டு, கசிவு நின்றதை ஒரு நல்ல மழையில் உறுதிசெய்துகொண்ட பின் கார்ப்பெட்டைத் திரும்பப் போடுங்கள்.