யார் வீட்டு ரத்தம்?

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 61 வயது. வில்லியனூரில் இருக்கிறோம். சென்ற மாதம் பைபாஸ் நடந்தது. மூன்றாம் நாளும் காய்ச்சல், மூச்சிரைப்பு. என்னையே யார் என்று கேட்டார். அதே நாளில் அறுவை முடிந்த பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து காபி குடித்தார். “எல்லாம் உன் பாட்டி வீட்டு ரத்தம்” என்கிறார் சின்னத் தாத்தா. நானும் தங்கையும் மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா? அறுவையால் உடலுக்குள் வரும் வீக்கத்தை முன்பே மருந்தால் அடக்கியிருக்கலாம் அல்லவா? பின்குறிப்பு: அப்பா அறுவைக்கு முந்தின வாரம் வரை பீடி குடித்தார். டாக்டரிடம் சொல்லவில்லை.

செ.

அன்புள்ள செ.,

பின்குறிப்பில் எழுதியதை அல்லவா முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்! புகைத்த நுரையீரல் அறுவைக்குப்பின் சளியோடு மல்லுக்கு நிற்கும். அதை டாக்டரிடம் மறைத்துவிட்டு மரபணுவைத் தேடுகிறீர்கள். இன்றே போய்ச் சொல்லுங்கள்.

மருந்து விஷயம்: 18 நாடுகளில் இதய அறுவைக்கு வந்த 7,500 பேருக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்கு வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வந்தது, சாவு குறையவில்லை. அதை விடுங்கள்.

ரத்தத்துக்கு வருகிறேன். இதய நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களில் ஓடும் ரத்தம், பிளாஸ்டிக்கை எதிரி என்று எண்ணிக் கொதித்தெழுகிறது. வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்ற புரதம் சில மணி நேரத்தில் ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம். அதன் மரபணுவுக்குச் சற்று முன்னால், 174ஆம் இடத்தில், சிலருக்கு ஜி என்ற மரபணு எழுத்து, சிலருக்கு சி. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என ஆளுக்கு இரண்டு எழுத்து. பைபாஸுக்குப்பின் இரண்டு சி உள்ளவர்களுக்கே அதிகம் ஏறுகிறது என்றது 2001இல் வந்த ஓர் ஆய்வு. இல்லை, இரண்டு ஜி உள்ளவர்களுக்கு என்றது 2003இல் வந்த இன்னொன்று. ஆராய்ச்சியாளர்களே இழுபறியில் இருக்கும் வழக்கில் உங்கள் சின்னத் தாத்தா தீர்ப்பே எழுதிவிட்டார்!

அவரை எனக்குத் தெரியும். அவர் மாதிரி நாலு பேர் எங்கள் வீட்டிலும் உண்டு. பேரன் கறுப்பாகப் பிறந்தாலும் கணக்கில் தோற்றாலும் மருமகள் பிறந்த ஊரைத்தான் விசாரிப்பார்கள். வீட்டுக்கு வந்து ஐம்பது வருஷம் ஆனாலும் அவள் ரத்தம் அயல் ரத்தம்தான். மரபணு என்பது அந்தப் பழைய பழிக்கு மாட்டிய புதுச் சட்டை.

என் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆனது. இரண்டு வருஷம் கழித்துச் சித்தப்பாவுக்கும் பைபாஸ். அவர் ஒரே வாரத்தில் மஞ்சக்குப்பம் கடைத்தெருவில் நின்றார். ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அந்த ஓர் எழுத்து உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே மாறலாம். ஆனால் அப்பா படுத்திருந்தபோது அதை யார் கேட்டார்கள்? “அண்ணி வீட்டு ரத்தம்” என்றார் அப்பத்தாவின் கொழுந்தனார், அவள் காதுபடவே. அப்பத்தா நான்கு நாள் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.

ஐந்தாம் நாள் வந்தாள். அப்பாவுக்கு மூச்சுப் பயிற்சிக்காக மூன்று பந்துக் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். நெஞ்சுத் தையல் வலிக்காமல் இருக்கத் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்பா உறிஞ்சுவார்; முதல் பந்து மட்டும் பாதி ஏறி விழும். அன்று இரண்டாவது பந்தும் எழும்பி நின்றது. அப்பத்தா கொழுந்தனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

“இந்த மூச்சு மட்டும் உங்கள் அண்ணன் வீட்டு மூச்சு, இல்லையா?”